வாளி காலியானால் பேசலாம்

மீன் கடித்தது. எனக்கு அழுகை வந்தது.

உம்பாய் கடலோரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டில் கம்பின் நுனி வளைந்தால் எவருக்கும் மகிழ்ச்சிதான் வரும். வேறு எந்த ஞாயிறாக இருந்தாலும் எனக்கும் வந்திருக்கும். அன்று எனக்கு வேண்டியிருந்தது மீன் இல்லை. ஒரு காலி வாளி.

விடிந்ததிலிருந்து கடல் என்னைக் கவனிக்காமல்தான் இருந்தது. இப்படியே இரு, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இரு என்று மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எல்லாரும் தூண்டில் நரம்பைச் சுருட்டத் தொடங்கிய நேரமாகப் பார்த்து ஒரு கெலாமா மீன் வந்து மாட்டியது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். நீரை விட்டு மேலே வந்ததும், அந்த மீனின் வழக்கப்படி, தவளை மாதிரி கரகரவென்று சத்தம் போட்டது. என்னைத் திட்டுவது போலவும் இருந்தது, சிரிப்பது போலவும் இருந்தது.

“ஏம்மா யோகேஸ், நீ கையில என்னாதான் தடவிக்கிட்டு வர்ற?” என்றார் பக்கத்தில் நின்ற குமார் அண்ணன். “எங்களுக்கும் கொஞ்சம் கொடுலா.”

மீனை வாளியில் போட்டேன். திருப்பிக் கடலில் விடவும் வழியில்லை. பிடித்ததை விட்டுவிட்டாலும் பிடித்ததுதான் என்பது எங்கள் குழுவின் சட்டம். தள்ளி, நாங்கள் மீன் பிடிக்கும் கடல்பாலத்தின் மரத்தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பா என் வாளியை ஒரு முறை எட்டிப் பார்த்தார். தன் கம்பைச் சுருட்டினார்.

ஒரு காலி வாளிக்காக நான் ஏன் அப்படித் தவித்தேன் என்று சொல்வதற்கு முன் எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு கிளாஸ் தே

நாங்கள் ஞாயிறு தூண்டில்காரர்கள். வாட்ஸ்அப் குழுவின் பெயரும் அதுதான். பெரும்பாலும் பத்து பெரண்டாம் என்ற ஊரின் தாமான்களில், அதாவது வீட்டுக் குடியிருப்புகளில், வசிப்பவர்கள். தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலை வேலையில் சேர்ந்த குடும்பங்கள். வாரம் முழுக்க இயந்திர இரைச்சலில் நின்றவர்களுக்கு, ஒரு காலைப் பொழுதாவது வாயை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய ஓய்வு.

ஆனால் எல்லாருக்கும் சம்பள வேலைக்கு மேலே ஒரு சிறு தொழிலும் இருந்தது. குமார் அண்ணன் ஏர்கோன் குளிரூட்டிகளைப் பழுது பார்ப்பார். சுசிலா அக்கா உருளைக்கிழங்கு வைத்து மடித்த கறிபாப் செய்து உறைய வைத்து விற்பார். ஒருவர் கல்யாண வீடுகளுக்குக் கூடாரம் போடுவார், இன்னொருவர் கூரை ஒழுகலை அடைப்பார். ஒரு காலத்தில் குழுவில் மீன் படமே வராதாம். விடிந்தால் ஏர்கோன், பொழுது சாய்ந்தால் கறிபாப், நடுவில் முடி வளரும் எண்ணெய். ஒரே விளம்பரத்தைக் குமார் அண்ணன் காலையும் மாலையும் போடப் போட, நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள்.

அப்போது வழி கண்டுபிடித்தவர் அந்தோணி அங்கிள். குழுவைத் தொடங்கியவர் அவர்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகியவர் என்பதால் எங்களையும் நிறுத்தத் தெரிந்தது.

இனிமேல் வாட்ஸ்அப்பில் மீன் படமும் கடல் ஏறி இறங்கும் நேரமும் மட்டும்தான் வர வேண்டும் என்றார். தொழில் பேச்செல்லாம் மீன் பிடித்து முடித்து பசியாறப் போகும் கடையில். அங்கேயும் எல்லாரும் பேச முடியாது. அன்றைக்கு யாருடைய வாளி காலியோ அவர் மட்டும் பேசலாம். அவர் முன்னால் இருக்கும் ஒரு கிளாஸ் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தீரும் வரை அவருடைய நேரம். அதுவரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது, கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. மீன் பிடித்தவர் தன் தொழிலைப் பற்றி மூச்சே விடக் கூடாது.

“கடல்தான் ஒன்னும் கொடுக்கல, நாம காதையாவது கொடுப்போம்” என்பார் அங்கிள்.

இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. குறுக்கே பேச முடியாததால் எல்லாரும் உண்மையிலேயே கேட்டார்கள். குமார் அண்ணனிடம் கோபித்துக்கொண்டு போனவர்கள்கூடத் திரும்பி வந்து, அவரையே கூப்பிட்டு ஏர்கோனைக் கழுவிக்கொண்டார்கள்.

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தீபாவளி நெருங்கியபோது சுசிலா அக்காவின் வாளி வாரா வாரம் காலியாக இருந்தது. வாரா வாரம் கறிபாப் பற்றிப் பேசினார். ஒருநாள் அவருடைய சாமான்களைத் தூக்கிக் கொடுக்கப் போன குமார் அண்ணன், தூண்டில் முள்ளில் இரையாகக் கோர்க்கும் இறாலே இல்லாததைப் பார்த்துவிட்டார். மீன் தின்றுவிட்டுப் போயிருக்கும் என்று அக்கா சாதித்தார். அப்படியானால் இறால் பொட்டலம் ஏன் இன்னும் பிரிக்காமலே இருக்கிறது என்று குமார் அண்ணன் அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “இந்த வாரம் உருளைக்கிழங்கு இல்ல, இறால் கறிபாப்” என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெறும் முள்ளைத் தண்ணீரில் போட்டுவிட்டு மீனுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருப்பவரை எப்படி நம்புவது என்று வீடு வந்து சேரும் வரை பேசிக்கொண்டு வந்தார். சில விஷயங்களில் அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கவே தெரியாது.

அப்பாவின் விளம்பரம்

அப்பாவுக்கு விளம்பரம் செய்ய ஒரு தொழிலும் கிடையாது. தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியானார். ஆனால் வாளி காலியாகும் நாளில் அவருக்கும் முறை வரும். தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு அவர் என்ன பேசியிருப்பார்?

வெகு நாள்களுக்கு எனக்குத் தெரியாது. நான் கோலாலம்பூரில் விடுதியில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் ஆப்டோமெட்ரி படித்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சோதித்து, பார்வையில் என்ன கோளாறு என்று கண்டறிந்து, கண்ணாடி போதுமா, மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று சொல்லும் படிப்பு. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு நின்றுவிட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் படித்த முதல் ஆள் நான்தான். இதை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இன்னும் நாலு தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

படித்து முடித்து ஊர் திரும்பி, முதல் முறையாக அப்பாவோடு உம்பாய்க்குப் போனபோதுதான் குமார் அண்ணன் சொன்னார். அப்பாவின் வாளி காலியானால் எல்லாருக்கும் பாடம் நடக்குமாம். “என் பொண்ணு படிக்குது” என்று ஆரம்பிப்பாராம். ஆப்டோமெட்ரி என்ற சொல் வாயில் நுழையாததால் ‘கண்ணுப் படிப்பு’ என்பாராம். டாக்டரா என்று கேட்க எல்லாருக்கும் நாக்கு துடிக்கும், ஆனால் குறுக்கே பேசக் கூடாது. அவரே சொல்லிவிடுவாராம், டாக்டர் இல்லை, டாக்டருக்கும் முன்னால் பார்க்கிற ஆள் என்று.

நான் எந்தப் பாடத்தில் தடுமாறினேன், எந்தத் தேர்வு முடிந்தது என்பதெல்லாம் அந்தக் கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. விற்க ஒன்றுமே இல்லாத மனிதர் வருஷக்கணக்கில் விளம்பரம் செய்திருக்கிறார்.

முள் கோர்க்கும் பெண்

அலோர் காஜாவில் ஒரு கடை வரிசையின் கடைசியில் என் கண்ணாடிக் கடையைத் திறந்தேன். சோதனை அறையை நானே சாயமடித்தேன். பலகையில் என் பெயரையும் படிப்பையும் எழுதியபோது அம்மா எதிர்ப்புறம் நின்று பார்த்துவிட்டு, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றார்.

பெயர் பெரிதாக இருந்தது. ஆள்தான் வரவில்லை. பக்கத்தில் பெரிய கடைகள் இருந்தன. என் கடைக்குள் வந்தவர்களில் பாதிப் பேர் வழி கேட்க வந்தவர்கள்.

ஞாயிறுகளில் அப்பாவோடு மீன் பிடிக்கப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலை தானாக அமைந்தது. நாற்பதைத் தாண்டிய கண்களால் தூண்டில் முள்ளின் காதில் நரம்பைக் கோர்ப்பது பெரும் பாடு. கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, கடைசியில் “யோகேஸ், இங்க கொஞ்சம் வாம்மா” என்று கூப்பிடுவார்கள். நான் கோர்த்துக் கொடுப்பேன். குமார் அண்ணனுக்கு, சுசிலா அக்காவுக்கு, கூடாரக்காரருக்கு, அப்பாவுக்கு என்று விடியற்காலையில் முள் கோர்ப்பதே என் வேலை.

“நீயே கோர்த்துக் கொடுத்தா அவங்க எதுக்குக் கண்ணாடி போடப் போறாங்க?” என்று அம்மா கேட்டார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் முள்ளை நீட்டியவரிடம் கடை அட்டையை நீட்ட என் மனம் ஒப்பவில்லை. படித்த படிப்பைக் கூவி விற்கக் கூடாது என்று ஒரு வீம்பு. அப்பாவே இன்னும் வந்து கண்ணைக் காட்டவில்லை. வெளியாட்கள் வரட்டும், நான் எங்கே ஓடிப்போகப் போகிறேன் என்பார்.

வீம்பை விட்டு ஒருநாள் பேசலாம் என்று நினைத்தாலும் முடியாது. புதிதாக மீன் பிடிக்க வந்தவளுக்கு அப்படி ஒரு கைராசி. என் வாளி ஒரு ஞாயிறுகூடக் காலியாக இருந்ததில்லை.

கண்ணாடி வேண்டாத அங்கிள்

என்னிடம் முள்ளை நீட்டாத ஒரே ஆள் அந்தோணி அங்கிள். அறுபதைத் தாண்டியவர். முள்ளை மூக்கருகே கொண்டுபோய், வெறுங்கண்ணால், ஒரே தடவையில் கோர்த்துவிடுவார். முன்பெல்லாம் படிக்கக் கண்ணாடி போட்டவர்தானாம். கொஞ்ச காலமாக வேண்டியிருக்கவில்லையாம். பைபிளைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன், எனக்கு வயது திரும்புகிறது என்பார். என்ன கீரை தின்கிறீர்கள் என்று குமார் அண்ணன் பொறாமையோடு கேட்பார்.

முதல் முறை அதைக் கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். வயதானவர் ஒருவர், இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னால், நீங்கள் சேர்ந்து மகிழாதீர்கள். கண்ணுக்குள் இருக்கும் வில்லையில் புரை முற்றிக்கொண்டிருக்கலாம். கொஞ்ச காலம் கிட்டத்தில் இருப்பது தெளியும். தூரத்தில் இருப்பது மங்கிக்கொண்டே போகும்.

அதன்பின் அங்கிளைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பகல் வெளிச்சத்திலும் தன் கம்பின் நுனியில், மீன் கடித்தால் ஒலிக்கும் சிறு மணி கட்டியிருந்தார். மற்றவர்கள் இருட்டில்தான் கட்டுவார்கள். அவருடைய நீல வாளிக்குப் பதிலாகக் குமார் அண்ணனின் சாம்பல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாலத்தின் மறுமுனையிலிருந்து கையசைத்துக்கொண்டு வந்த சுசிலா அக்காவை, அவர் குரல் கொடுக்கும் வரை யாரென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர்தான் காலையும் மதியமும் வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்.

ஒரு ஞாயிறு, எல்லாரும் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவரிடம் போய், ஒருநாள் கடைக்கு வாருங்கள், உங்கள் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்றேன். அவர் குனிந்து என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

“வாளியில மீன் துள்ளுது. தொழில் பேசக் கூடாதே.”

“இது தொழில் இல்ல அங்கிள்.”

“எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்னு சொல்லித்தானே குமார் என் ஏர்கோனைக் கழட்டினான். நல்லா தெரியிற கண்ணுக்குக் கண்ணாடி விக்கப் பாக்கிறியேம்மா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் என் காது மடல் வரை சுட்டது. இத்தனை மாதம் ஒரு வார்த்தை விற்காதவளை, வாளியில் மீனை வைத்துக்கொண்டு விதியை மீறி விற்க வந்தவளாக்கிவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறு நான் அவர் பக்கமே போகவில்லை.

அவர் அவ்வளவு சட்டென்று அதைக் கேலியாக்கியதற்குக் காரணம் வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கூம்பு

ஒரு காலை, மோட்டார் சைக்கிளில் கடைக்குப் புறப்பட்டேன். எங்கள் தாமான் வளைவில் சாலையோரத்தைத் தோண்டி, குழியைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள். சூரியன் நேர் எதிரே இருந்தது. அங்கிளின் வேன் மெதுவாகத்தான் வந்தது. நேராக வந்து ஒரு கூம்பின் மேல் ஏறி, அதை அடியில் இழுத்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய் நின்றது.

ஜன்னலில் பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கிள் இறங்கினார். நசுங்கிய கூம்பை இழுத்தெடுத்து, தட்டி நிமிர்த்தி, இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். வைத்தபின் அதன் தலையில் கையை வைத்தபடி சற்று நேரம் அப்படியே நின்றார். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நான் கையை உயர்த்தினேன். என் பக்கம்தான் பார்த்தார். என்னைத் தெரியவில்லை.

குழி தோண்டுகிறவர்கள் அன்று இன்னும் வேலைக்கு வந்திருக்கவில்லை. கூம்பு இருந்த இடத்தில் ஓர் ஆள் குனிந்திருந்தால் என்ற நினைப்பு நாள் முழுக்க என்னை விடவில்லை.

சனிக்கிழமை மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூண்டில் சாமான்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நிச்சயமாகத் தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி. சோதிக்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் சோதித்தே ஆக வேண்டும் என்றேன்.

“அப்ப நாளைக்கு வாளியைக் காலியா வச்சுக்க” என்றார். “கடையில எல்லாரும் இருக்கும்போது பேசு. அவன் போட்ட சட்டம், அவன் கேட்டுத்தான் ஆகணும்.”

இறாலைக் கோர்க்காமல் உட்காருவதா என்று நான் கேட்கவில்லை. அப்பாவிடம் அதைக் கேட்க முடியாது. எனக்கும் அது பிடிக்கவில்லை. முறையாகக் கோர்த்துப் போடுவோம், ஒரு நாளாவது கைராசி கைவிடாதா என்று நினைத்தேன்.

அப்படிக் காத்திருந்துதான் கடைசி நேரத்தில் அந்தக் கெலாமாவைப் பிடித்தேன்.

ஆறிய தே

பசியாறும் கடையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். அங்கிள் வழக்கம் போல எழுந்து, இன்று யாருடைய வாளி காலி என்று கேட்டார்.

அப்பா கையைத் தூக்கினார்.

தே தாரிக் வந்தது. அப்பா கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டார், தொடவில்லை.

“முன்னாடியெல்லாம் என் பொண்ணு படிக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப படிச்சு முடிச்சு கடையும் போட்டிருச்சு. ஆனா இதுவரைக்கும் நானே போயி கண்ணைக் காட்டல. உண்மையைச் சொன்னா பயம்லா. கோளாறுன்னு சொல்லிட்டா? வாசல்ல நின்னு ஆளைப் பாத்து உள்ள விடுற வேலை என்னுது. கண்ணுதான் சோறு போடுது.”

அப்பா அங்கிளை நேராகப் பார்த்தார்.

“உனக்கும் அப்படித்தான் அந்தோணி. இன்னைக்கு மத்தியானம் போறேன். ஒத்தையா போக மனசு வரல. நீ கூட வா. வேன் வேணாம், என் மோட்டார்லயே போவோம். எனக்குப் பாத்துட்டு உனக்கும் பாக்கட்டும்.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அப்பா கிளாஸைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தே தீரும் வரை வேறு யாரும் பேசக் கூடாது. அங்கிள் வாயைத் திறந்தார். திறந்ததும் அவருக்கே சட்டம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். தேயின் மேல் ஆடை படிந்தது. ரொட்டி ஆறியது. சிரிப்பை அடக்க முடியாமல் குமார் அண்ணன் மேசைக்கு அடியில் எதையோ தேடினார். சுசிலா அக்கா அங்கிளையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சட்டத்தை உண்டாக்கியவர் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அங்கிள் தலையை ஆட்டினார். சரி என்று ஒரே ஓர் அசைவு.

அப்பா ஆறிய தேயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

இருட்டு அறை

அன்று மதியம், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும், கடையைத் திறந்தேன். இருவரும் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். காலையில் பேசியபடி அப்பாவைத்தான் முதலில் உட்கார வைத்தேன். அவருக்குப் படிக்கிற கண்ணாடி மட்டும் போதும். அது எனக்கு முன்பே தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்து அங்கிள். சுவரில் தெரிந்த மேல் வரி எழுத்துகளுக்கே திணறினார். கருவியில் பார்த்தபோது இரண்டு கண்ணின் வில்லையும் கடுந்தேநீரின் நிறத்தில் இருந்தது. நான் பேசுவதற்குள் அவரே பேசினார்.

“எங்கப்பாவுக்கும் முதல்ல இப்படித்தாம்மா. கண்ணாடி இல்லாம படிச்சாரு. எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரேடியா போயிருச்சு. சாகுற வரைக்கும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்தாரு.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வெறுங்கண்ணால் முள் கோர்க்கும் ஒவ்வொரு முறையும் அது எதன் தொடக்கம் என்று தெரிந்தேதான் வயது திரும்புகிறது என்று சிரித்திருக்கிறார். அவர் அப்பாவுக்கு வந்ததற்கு வைத்தியம் உண்டு என்பது மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. கேட்கவும் பயந்திருக்கிறார்.

கண்ணின் பின்திரையையும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வேறு கோளாறு இல்லை.

“புரைதான் அங்கிள். ஆஸ்பத்திரியில எடுத்துருவாங்க.”

“எடுத்துட்டா?”

“கண்ணு தெரியும்.”

அவர் தாடையைக் கருவியிலிருந்து எடுக்கவே இல்லை. “இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார். சொன்னேன். இருட்டில் அவர் தோள்கள் இறங்குவது தெரிந்தது, நெடுந்தூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கி வைத்தவர் போல. வெளியே பெஞ்சில் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

மறுநாளிலிருந்து வேனை அங்கிளின் மச்சான் ஓட்டினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கண், சில வாரம் விட்டு இன்னொரு கண். பயந்தது எதுவும் நடக்கவில்லை. டாக்டர் சரியென்று சொன்னபின் அங்கிள் மறுபடியும் வேனில் ஏறினார்.

உம்பாய்க்குத் திரும்பி வந்த காலையில் பாலத்தின் மறுமுனையில் நான் வருவதைப் பார்த்து, “யோகேஸ், ரெண்டு காலுக்கு ரெண்டு கலர்ல சிலிப்பரா?” என்று கத்தினார். உண்மைதான், இருட்டில் அவசரமாகப் போட்டுக்கொண்டு வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து என் செருப்பைப் பார்த்துவிட்டார். எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிறகு முள்ளையும் நரம்பையும் எடுத்தார். கையை நீட்டினார், தலையைச் சாய்த்தார், கண்ணைச் சுருக்கினார். தூரத்துப் பார்வை திரும்பி வந்துவிட்டதல்லவா, கிட்டத்துப் பார்வை போய்விட்டது. முள்ளை என்னிடம் நீட்டினார். வயது மறுபடியும் ஏறிவிட்டதா என்று குமார் அண்ணன் கேட்டார்.

நான் கோர்த்துக் கொடுக்கவில்லை. கடைக்கு வாருங்கள் என்றேன். என் வாளியில் மீன் இருந்தது. யாரும் சட்டம் பேசவில்லை.

இப்போது குழுவில் பாதிப் பேர் மூக்கில் என் கடைக் கண்ணாடிதான். அவரவர் முள்ளை அவரவரே கோர்க்கிறார்கள். ஞாயிறு விடியற்காலையில் எனக்கு வேலை இல்லை.

மத்தியானச் சாப்பாடு

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தே ஆறிய அந்த ஞாயிறு, கடையைத் திறக்கப் புறப்படுவதற்கு முன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். என் ஒற்றைக் கெலாமாவை அம்மா பொரித்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய இறால் சம்பல். சின்னச் சின்ன இறால், உம்பாய் முனையில் தூண்டிலுக்கென்று பொட்டலமாகக் கட்டி விற்பார்களே, அந்த வகை.

காலையில் அப்பா இரண்டு பொட்டலம் வாங்கினார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. என்னுடையது கடலோரத்திலேயே தீர்ந்துவிட்டது.

அப்பா எதிரே உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து அந்த மரத்தூண் ஓரமாக, எல்லாரையும் விட்டுத் தள்ளி, அவர் தனியாக உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

“அப்பா, இறால் நிறைய மிஞ்சிப் போச்சோ?” என்றேன்.

“மீனுக்குப் பசியில்ல போல” என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.